பையில் வந்த டையும் இடுப்பில் மாட்டாத மைக்கும்

மின்பொறியாளர் ஆண்டு மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். பொதுவாக இப்படிப்பட்ட மடலை 'ஐயா / அம்மா' என்று தொடங்குவது வழக்கம். சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் குழுவினர் பெயர்களை ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'ஐயா' மட்டும் போதும்.

ஐயா, சுற்றறிக்கை போன வாரம் வந்தது. என் கட்டுரையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசிப் பேச்சு என்னுடையது. பிரியாணி வாசனை அரங்குக்குள் நுழையும் நேரம்தான், பரவாயில்லை. அதே சுற்றறிக்கையில் 'பொதுக் குறிப்புகள்' பகுதியில், வாகன நிறுத்தத்துக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான தனிச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "உடை: ஆண்கள் – பிசினஸ் ஃபார்மல். பெண்கள் – பாரம்பரிய உடை விரும்பத்தக்கது."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கோயம்புத்தூரில் ரிலே செட்டிங்கும் (மின்கோளாறு வந்தால் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கருவிதான் ரிலே) பாதுகாப்பு ஆய்வும் செய்து பிழைக்கிறேன். மில், ஃபவுண்டரி, 110 கேவி துணைமின் நிலையம் என்று பத்தொன்பது வருடமாக இதே வேலைதான். வேலை நடக்கிற இடத்தில் என்ன உடுத்துவது என்று நான் ஒருநாளும் குழம்பியதில்லை. உயர் அழுத்த மின்கருவிகள் நிற்கிற சுவிட்ச்யார்டுக்குள் போனால் பருத்திச் சட்டை, பருத்திப் பேண்ட், பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட். துப்பட்டா கிடையாது. வளையல், சங்கிலி, தாலிக்கொடி எல்லாம் வீட்டு பீரோவில். பாலியெஸ்டர் கலந்த துணியைத் தொடவே மாட்டேன். மின்பொறி வெடித்து ஆர்க் அடித்தால் பருத்தி எரியும், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்க்கின் சூடு ஏறத்தாழ 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி பட்டாலே தோல் கொப்பளிக்கும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே இதற்கு ஒரு முழு அமர்வு நடத்தியிருக்கிறீர்கள். 40 கலோரி தாங்கும் பாதுகாப்பு உடைக்குள் புகுந்து முகமூடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பது நான்தான் என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

சைட்டிலும் குறை இல்லாமல் இல்லை. கிடைக்கிற ரப்பர் கையுறை என் விரலுக்கு அரை அங்குலம் நீளம். அதைப் போட்டுக்கொண்டு டெர்மினல் ஸ்க்ரூவைப் பிடிப்பது பூசணிக்காயால் ஊசி எடுப்பது மாதிரி. ஐந்தாம் நம்பர் பாதுகாப்பு ஷூவுக்காக மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனாலும் அங்கே ஒவ்வொரு துணிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால் சூப்பர்வைசர் சொல்லிவிடுவார்.

கல்லூரியில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தைப் படித்தபோது 22-ஆம் பிரிவு கண்ணில் பட்டது. ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் அருகே போய்ப் பார்க்க வேண்டியவர் தனிப்பயிற்சி பெற்ற, வயதுவந்த 'ஆண்' தொழிலாளியாக இருக்க வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பெல்ட்டில் முந்தானை சிக்கிக்கொள்ளும் என்ற பயமாக இருந்திருக்கலாம். நியாயமான பயம்தான். முந்தானையை நிறுத்தினால் போதுமே என்று எனக்கு அப்போது தோன்றியது; அவர்கள் ஆளையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, மாநாட்டுக்கு வருகிறேன்.

பெட்டி கட்டுகிற இரவு இருக்கிறதே, அதுதான் எனக்கு வருடத்திலேயே மோசமான இரவு. கட்டில் மேல் மூன்று உடை பரப்பிக் கிடக்கும். ஸ்லைடுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டிய நேரத்தில் நான் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருப்பேன். அதே மாநாட்டுக்கு வருகிற என் கூட்டாளி, சார்ஜரையும் இரண்டு வெள்ளைச் சட்டையையும் பையில் திணித்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிப்போயிருப்பார்.

முதல் முறை வந்தபோது சுடிதார் போட்டிருந்தேன். பதிவு மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஸ்டூடன்ட் கவுன்ட்டர் அந்தப் பக்கம்மா" என்றார். அப்போது எனக்கு வயது 32, பையன் யூகேஜி. அடுத்த முறை ஆர்.எஸ். புரத்தில் ஒரு டெய்லரிடம் கோட்டும் பேண்ட்டும் தைத்துப் போட்டு வந்தேன். அன்று முழுக்க மூன்று பேர் என்னிடம் கேபிள் விலை கேட்டார்கள். ஏதோ ஸ்டாலில் விற்பனைக்கு நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டு இப்போது பீரோவில் நாப்தலின் உருண்டையோடு குடித்தனம் நடத்துகிறது.

நம் சங்கத்தில் என்னைவிடப் பத்து வருடம் மூத்த அக்கா ஒருவர் உண்டு. அவரிடம் புலம்பியபோது ஒரே வரியில் சொன்னார்: "சேலை கட்டினா அம்மா, சுடிதார் போட்டா பொண்ணு, பேண்ட் போட்டா யாரோ. நீ பேசறதைக் கேக்கணும்னா அம்மாவாப் போ." அவர் அனுபவம் அது. தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த யோசனையைத்தான் மூன்றாம் முறை கேட்டேன்.

அரக்குப் பட்டு, பச்சை பார்டர். என் அம்மா கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. அன்று உங்கள் வரவேற்பில் நிற்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அனுப்பியிருந்த ஆறு பெண்களும் அரக்குப் பட்டுதான் கட்டியிருந்தார்கள். அசல் பட்டு இல்லை, ஆனால் நாலடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. பன்னீர்ச் செம்பு ஒருவர் கையில், சந்தனக் கிண்ணம் ஒருவர் கையில். என் பெயர் அட்டை கழுத்தில்தான் தொங்கியது. ஆனால் நீங்கள் தருகிற நாடா நீளம். அட்டை வயிற்றுக்கு வந்து, மடிப்பு வைத்த முந்தானைக்குப் பின்னால் சமர்த்தாக ஒளிந்துகொண்டது.

தேநீர் இடைவேளை. தூணோரமாக நின்று, பேச்சை எங்கே தொடங்குவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கைபேசியில் பேசிக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலிக் கோப்பையைச் சாஸரோடு என் கையில் வைத்துவிட்டு நடந்தார். சாஸரில் பாதி கடித்த பிஸ்கட், நனைந்து போய்.

நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் நீட்டியதைவிட என் கை தானாக நீண்டதுதான்.

மதியம் என் பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது. நல்ல கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்யும்போது திடீரென்று எகிறும் இன்ரஷ் கரன்ட்டைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு டிஃபரென்ஷியல் ரிலே இணைப்பைத் துண்டித்துவிடாமல் இருக்க இரண்டாம் ஹார்மானிக் தடுப்பை எவ்வளவில் வைப்பீர்கள் என்று கேட்டார். 15 சதவீதம் என்றேன், கோருக்கு நல்ல இரும்பு போட்டிருந்தால் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். காலையில் நடந்தது அவர் நினைவில் இல்லை. இருந்திருந்தால் சங்கடப்பட்டிருப்பார், நல்ல மனிதர்.

கோப்பை எடுக்கிறவர் வேலை கேவலம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

பேச்சு முடிந்ததும் பொன்னாடை. ஆண் பேச்சாளர்களுக்கு அமர்வுத் தலைவரே போர்த்தினார். என் முறை வந்தபோது பொன்னாடையைப் பிரித்துக் கையில் பிடித்தபடி மேடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பெண்ணுக்கு ஆண் போர்த்துவதில்லை என்பது நம் ஊர் மரியாதை. அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. முன்வரிசையில் பெண் யாரும் இல்லை. "லேடீஸ் யாராவது மேடைக்கு வரவும்" என்று மைக்கில் அழைத்தார்கள். அரங்கு மொத்தமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் வாசலில் நின்ற வரவேற்புப் பெண் ஒருவரைக் கையாட்டிக் கூப்பிட்டார்கள். அவர் வந்து எனக்குப் போர்த்தினார். ஒரே நிறப் பட்டில் இரண்டு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். புகைப்படக்காரர் "கொஞ்சம் கிட்ட வாங்க" என்றபோது அந்தப் பெண் என் காதருகே சொன்னார்: "மேடம், நானும் ட்ரிபிள் இ தான். ஃபைனல் இயர். வாசல்ல நின்னு பாதி கேட்டேன்."

சாயங்காலம் தேடிப் போய்ப் பேசினேன். இரண்டு நாள் நிற்க அவருக்கு 1,400 ரூபாய். நம் மாநாட்டுக்கு மாணவர் பதிவுக் கட்டணம் 2,000.

இனி மைக். அடுத்த வருடம் பட்டு வேண்டாம் என்று நெகமம் காட்டன் சேலை கட்டி வந்தேன், கஞ்சி போட்டு, விறைப்பாக. சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேடைக்கு ஏறுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒலிக்காரத் தம்பி காலர் மைக்கோடு வந்தார். பெயரைப் பாருங்கள், 'காலர்' மைக். கிளிப்பை மாட்டக் காலர் வேண்டும், சீட்டுக்கட்டு அளவுப் பெட்டியை மாட்ட பெல்ட் வேண்டும். சேலையில் இரண்டும் இல்லை. தம்பிக்கு இருபது வயது இருக்கும். என் தோளைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்தார். "அக்கா, பெல்ட்டு…" என்றார். ஒட்டியாணம் போட்டு வந்திருந்தால் மாட்டியிருக்கலாம். முந்தானையில் குத்திப் பார்த்தோம். துணி உரசுகிற சத்தம் அரங்கு முழுக்க வறட்டு வறட்டு என்று கேட்டது. கொசுவத்தில் பெட்டியைச் செருகினால் கனம் தாங்காமல் கொசுவம் இறங்குகிறது. கடைசியில் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டேன், வலது கையில் லேசர் பாயிண்டர். ஸ்லைடைத் திருப்ப மூன்றாவது கை வேண்டும். இருபத்திரண்டு நிமிடம் அப்படியே பேசினேன். தண்ணீர் குடிக்கவில்லை, குடிக்கக் கையில்லை.

இறங்கி வந்தபோது குழு உறுப்பினர் ஒருவர், அன்போடுதான், "அடுத்த தடவை பேண்ட் போட்டுட்டு வந்துடுங்க மேடம், சுலபமா இருக்கும்" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். இப்போது, "பாரம்பரிய உடை விரும்பத்தக்கது" என்று நீங்களே எழுதி அனுப்பியதைப் படிக்கும்போது அவர் முகம்தான் கண்முன் வருகிறது. ஐயா, சேலை கட்டச் சொல்வதும் நீங்கள்தான், சேலையில் மாட்ட முடியாத மைக்கை வாடகைக்கு எடுப்பதும் நீங்கள்தான். காதில் மாட்டுகிற மைக் என்று ஒன்று பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. வில்லுப்பாட்டுக் குழுகூட வைத்திருக்கிறது.

அப்புறம் ஏசி. இதைப் பற்றி மின்பொறியாளர்களிடம் பேச எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். துணி எவ்வளவு சூட்டைத் தடுக்கிறது என்பதை அளக்க 'குளோ' என்று ஓர் அலகு இருக்கிறது. 1941-இல் ஆய்வாளர்கள் வகுத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை 21 டிகிரி அறையில் குளிராமல் வைத்திருக்க எவ்வளவு துணி வேண்டுமோ அதுதான் 1 குளோ. கிட்டத்தட்ட ஒரு முழு கோட்டு சூட்டு. அறை எவ்வளவு குளிர வேண்டும் என்று கணக்குப் போடுகிற முறைகள் உடம்பு தரும் சூட்டையும் சேர்த்துக்கொள்கின்றன. அந்தச் சூட்டுக்கு அடிப்படையாக வைத்தது 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் இதை எடுத்துச் சொன்னார்கள்: பெண்ணுடம்பு தருகிற சூட்டை இந்த முறை 35 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிடுகிறது என்று. சேலையை வெவ்வேறு விதமாக ஒரு பொம்மைக்குக் கட்டிவிட்டு, எந்தக் கட்டு எவ்வளவு சூடு காக்கிறது என்று அளந்த ஆய்வுகூட இருக்கிறது. முந்தானையைப் போர்த்திக்கொண்டால் கூடும் என்பதை அளக்க நமக்குப் பொம்மை தேவையில்லை. அரங்கில் இருக்கிற அத்தனை பெண்களும் இரண்டாம் அமர்வுக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மேடையிலிருந்தே பார்க்கலாம். சென்னையில், மே மாதத்தில்.

போன முறை அரங்கின் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் 18 காட்டியது. அப்போது மேடையில் நடந்துகொண்டிருந்தது எரிசக்தி சேமிப்பு அமர்வு. அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கொண்டுவந்த விதி 2020 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்த எண் உங்கள் பேச்சாளரின் ஸ்லைடிலும் இருந்தது. அதை அவர் கோட்டு சூட்டில் நின்று விளக்கினார், நான் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கேட்டேன். பொன்னாடையால் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அது.

ஜப்பான் அரசு 2005-இல் ஒரு காரியம் செய்தது. கோடையில் அலுவலகங்களில் ஏசியை 28-இல் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றுங்கள் என்றது. அமைச்சர்களே டை இல்லாமல் வந்தார்கள். குளிர் வேண்டியிருந்தது டைக்காகத்தான் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நீங்களோ ஒவ்வொரு வருடமும் மாநாட்டுப் பையில் டை வைத்துத் தருகிறீர்கள். சங்கச் சின்னம் போட்ட நீல டை. என்னிடம் நான்கு சேர்ந்திருக்கிறது. ஒன்றில் ஸ்கூட்டர் உறையைக் கட்டியிருக்கிறேன். ஒன்றைப் பையன் பள்ளி நாடகத்துக்கு வாங்கிக்கொண்டு போனான். டி-ஷர்ட்டும் தந்தீர்கள் ஒரு வருடம், லார்ஜும் எக்ஸ்ட்ரா லார்ஜும் மட்டும். அதை என் மாமனார் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிறார், நன்றாக இருக்கிறது.

2014-ஐ நான் உடை வருடம் என்றே வைத்திருக்கிறேன். அந்த ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற படம் உலகம் முழுக்கப் போனது. ராக்கெட் விஞ்ஞானிகளைப் பாருங்கள் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். படத்தில் இருப்பவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு தெளிவுபடுத்தியது. ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போல அந்தத் திட்டத்தில் உண்மையிலேயே உழைத்த பெண் விஞ்ஞானிகள் வேறு. அங்கே சேலையைப் பார்த்து விஞ்ஞானி என்றார்கள், இங்கே சேலையைப் பார்த்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆளைப் பார்க்கவில்லை. நவம்பரில், வால்நட்சத்திரத்தின் மேல் ஐரோப்பியக் கலம் இறங்கிய நாளில், அந்தத் திட்டத்தின் விஞ்ஞானி மேட் டெய்லர் அரைகுறை ஆடைப் பெண்களின் படம் போட்ட சட்டையோடு கேமரா முன் வந்து, பிறகு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். ஆணின் உடை பேச்சாவதற்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தது. நான் வெறுமனே சுடிதார் போட்டேன்.

வேட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாநாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஏ கிரேடு காண்ட்ராக்டர். நம்மில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே கம்பம் நட்டவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தன்னார்வலர் ஒருவர் மரியாதையாகவே அவரை ஓட்டுநர்கள் சாப்பிடுகிற கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். "அங்கதான் சாம்பார் நல்லா இருந்துச்சு கண்ணு" என்று பெரியவர் என்னிடம் சொன்னார். ஆகவே உங்கள் 'பிசினஸ் ஃபார்மல்' எங்களை மட்டும் படுத்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் மாநாட்டு மலரில் ஒவ்வொரு வருடமும் அ. லலிதாவின் படம் போடுகிறீர்கள். போட வேண்டியதுதான். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கணவர் இறப்பு, கையில் நான்கு மாதக் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் படிப்பை முடித்து நாட்டின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். அவரோடு படித்து வந்த தெரசியாவும் லீலாம்மாவும் சிவில். சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். மின்தடங்களும் துணைமின் நிலையங்களும் வடிவமைத்தார், பாதுகாப்புக் கருவிகளில் வேலை செய்தார். அந்த வகையில் நான் அவர் வேலையின் மிச்சத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். நான் பார்த்த படங்களிலெல்லாம் சேலைதான் கட்டியிருக்கிறார். அது அவர் கட்டுகிற உடை, அவ்வளவுதான். பாரம்பரியம் விரும்பத்தக்கது என்று யாரும் சுற்றறிக்கை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

எனக்குச் சேலை பிடிக்கும், ஐயா. பிடிக்காததால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு விசேஷத்துக்குப் பத்து நிமிடத்தில் கட்டிவிடுவேன். மேடையில் நான் ரிலேவைப் பற்றிப் பேச வருகிறேன். நீங்கள் என்னைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். ஆண் பேச்சாளர்களை அறிமுகப்படுத்தும்போது எத்தனை மெகாவாட் என்று சொல்கிறீர்கள். என்னைப் பற்றி ஒரு வருடம் "நம் அரங்குக்கு மங்களம் சேர்க்க வந்திருக்கும் சகோதரி" என்று சொன்னார்கள். விளக்கேற்றும்போது மெழுகுவத்தித் தட்டை என்னிடம் கொடுத்தார்கள். நினைவுப் பரிசுத் தட்டையும் கொடுத்தார்கள், நானும் அன்று ஒரு பேச்சாளர் என்பது மறந்துபோய். என் பெயரைக் கூப்பிட்டபோது தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைவர் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினேன். அவர் பார்க்காமல் உட்காரப் போனார், நல்லவேளை.

ஆகையால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். உடை பற்றி ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே வரியாக எழுதுங்கள், வேட்டிக்கும் அதில் இடம் இருக்கட்டும். ஒலிக்காரரிடம் காதில் மாட்டுகிற மைக் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். வாடகை கூடுதல் என்றால் பொன்னாடைச் செலவை நிறுத்தினால் சரியாகிவிடும். போர்த்த ஆள் தேடுகிற சிரமமும் மிச்சம். தெர்மோஸ்டாட்டை 24-இல் வைத்து, அமர்வுத் தலைவர்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்காரட்டும். பெயர் அட்டை நாடாவைப் பாதியாக வெட்டுங்கள். தட்டு பிடிக்க ஆள் வேண்டுமென்றால் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள்.

வரவேற்பில் நிற்கப் போகிறவர்களில் பொறியியல் படிக்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால் பன்னீர்ச் செம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே உட்காரச் சொல்லுங்கள். அவருடைய பதிவுக் கட்டணம் 2,000 ரூபாயை என் பயணப்படியில் கழித்துக்கொள்ளலாம்.

நான் எந்த உடையில் வரப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அனேகமாகச் சைட்டுக்குப் போடுகிற பருத்திச் சட்டையும் பேண்ட்டுமாக இருக்கும். அதில் பை இருக்கிறது, இரண்டு. பெல்ட்டும் உண்டு. பழைய மைக்கையே எடுத்து வந்தாலும் சமாளித்துக்கொள்வேன். எனக்கு அடுத்துப் பேசப்போகிறவர் சேலையில் வரலாம், அவருக்காகத்தான் கேட்கிறேன்.

இந்த முறையும் பையில் டை இருந்தால் பதிவு மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ரசீது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
கோயம்புத்தூர்